மனிதன் சுயநலக்காரனா? ஏரிக்கரையில் நின்று ஒரு விளக்கம்

கார்த்திகை மழையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போகிற அன்று ஊரே கரையில் நிற்கும். கற்பூரம் ஏற்றுவார்கள், தேங்காய் உடைப்பார்கள், மிச்சத் தண்ணீர் வழியும் கலங்கலில் பிள்ளைகள் குதிக்கும். மூன்று மாதம் கழித்து அதே ஊரில், அதே ஜனங்களுக்குள், ராத்திரி மதகைத் திறந்துவிட்டவன் எவன் என்று கைகலப்பு நடக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று பழைய வடஆற்காட்டில் ஏரிப் பாசனம் உள்ள ஊர்க்காரர்களுக்கு இந்த இரண்டு காட்சியும் புதிதில்லை. இதில் எது மனிதனின் அசல் முகம்?

"மனுஷன்னாலே சுயநலம்தான்" என்பது டீக்கடைத் தீர்ப்பு. "அந்தக் காலத்துல எல்லாரும் ஒத்துமையா இருந்தாங்க" என்பது அதே டீக்கடையில் எதிர் பெஞ்சின் தீர்ப்பு. சென்ற நாற்பது ஐம்பது ஆண்டுகளில் நடந்த ஆராய்ச்சிகளை எடுத்துப் பார்த்தால் இரண்டு பெஞ்சும் தோற்றுப்போகும். அவற்றில் தென்படும் மனிதன் வேறு மாதிரி. பக்கத்துக் கழனிக்காரன் மண்வெட்டி எடுத்தால் தானும் எடுப்பான். அவன் திண்ணையில் உட்கார்ந்துவிட்டால் இவனும் உட்காருவான். இதைப் புரிந்துகொள்ள நூறு புளியங்கொட்டை போதும்.

புளியங்கொட்டை ஆட்டம்

நாலு பேர் ஆட, ஐந்தாவது ஆள் கணக்குப்பிள்ளை. நாலு பேருக்கும் ஆளுக்கு 10 கொட்டை. நடுவில் ஒரு பானை. ஒவ்வொருவரும் கையை மூடிக்கொண்டு, மற்றவருக்குத் தெரியாமல், 0 முதல் 10 வரை எத்தனை வேண்டுமானாலும் பானையில் போடலாம். மீதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். கணக்குப்பிள்ளை பானையில் விழுந்ததை எண்ணி, அதே அளவு இன்னொரு பங்கு தன் கையிருப்பிலிருந்து சேர்த்து, நாலு பேருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுப்பார். போட்டவர், போடாதவர் என்ற பேதம் கிடையாது. சுருக்கமாகச் சொன்னால், பானையில் விழுந்த மொத்தத்தில் பாதி ஒவ்வொருவருக்கும் வரும். அரைக் கொட்டை வந்தால் நோட்டில் எழுதிக்கொள்ளலாம். சுற்று முடிந்ததும் கையில் இருப்பதைக் குறித்துவிட்டு, மறுபடி ஆளுக்கு 10. இப்படிப் பத்துச் சுற்று. நடுவில் பேசக் கூடாது.

ஒரு எச்சரிக்கை: பந்தயம் இல்லாமல் ஆடாதீர்கள். 10 கொட்டைக்கு ஒரு ரூபாய் என்றாவது வைத்துக்கொள்ளுங்கள். வெறும் கொட்டைக்கு ஆடினால் எல்லோரும் கர்ணனாகிவிடுவார்கள்.

இப்போது கணக்கு. நாலு பேரும் 10 போட்டால் பானையில் 40, ஆளுக்கு 20. யாருமே போடவில்லை என்றால் ஆளுக்குப் பழைய 10. மூன்று பேர் 10 போட்டு ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் பானையில் 30. ஆளுக்கு 15 வரும். போட்டவர்களுக்கு 15, போடாத ஓசிக்காரருக்கு 15-உம் தன் 10-உம் சேர்ந்து 25. ஒருவர் மட்டும் போட்டால் அவருக்கு 5, மற்ற மூவருக்கும் 15.

இதில் உள்ள பொறியைக் கவனியுங்கள். நான் போடும் ஒவ்வொரு கொட்டையும் எனக்குப் பாதியாகத்தான் திரும்பி வருகிறது. ஆக, தன் லாபம் மட்டும் பார்ப்பவர் முதல் சுற்றிலேயே கையை வெறுமனே மூடித் திறக்க வேண்டும். மனிதன் முழுச் சுயநலக்காரன் என்றால் பானை முதலிலிருந்தே காலியாக இருக்கும். முழுப் பரோபகாரி என்றால் கடைசிவரை நிரம்பி வழியும்.

உலகத்தின் பல மூலைகளில் ஆயிரக்கணக்கானவர்களை வைத்து இந்த ஆட்டத்தை ஆடிப் பார்த்திருக்கிறார்கள். வழக்கமாக நடப்பது இது: முதல் சுற்றில் சராசரியாகக் கையிருப்பில் பாதியளவு பானைக்குப் போகிறது. பிறகு சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே வந்து, பத்தாவதில் அடிமட்டத்துக்கு வந்துவிடுகிறது. முதல் சுற்று எதிர் பெஞ்சுக்கு ஆதரவு, கடைசிச் சுற்று இந்த பெஞ்சுக்கு ஆதரவு. அதே ஆட்கள், அரை மணி நேர இடைவெளி.

பானை ஏன் காலியாகிறது?

சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் ஃபிஷ்பாகர், கெக்டர், ஃபேர் என்ற மூவர் 2001இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு விடை இருக்கிறது. 44 பேரிடம் நேரடியாக ஒரு பட்டியலை நிரப்பச் சொன்னார்கள்: மற்றவர்கள் சராசரியாக இவ்வளவு போட்டால் நீங்கள் எவ்வளவு போடுவீர்கள்? ஏறத்தாழ பாதிப் பேர், மற்றவர்கள் கூட்டினால் தாங்களும் கூட்டுவோம் என்று எழுதினார்கள். இவர்களை நாம் பார்த்து நடப்பவர்கள் என்று வைத்துக்கொள்வோம். சுமார் 30 சதவீதம் பேர் எவன் எவ்வளவு போட்டாலும் சுழிதான் என்றார்கள். மீதிப் பேர் இரண்டிலும் சேராத கலவை.

பட்டியலில் இன்னொரு நுட்பமும் இருந்தது. பார்த்து நடப்பவர்களில் பெரும்பாலோர் சரிக்குச் சரி போடுவதில்லை. ஒரு மாற்றுக் குறைவாகத்தான் போடுகிறார்கள். மற்றவர்கள் 6 என்றால் இவர் 5. முழு விஷயமும் இந்த ஒரு கொட்டையில்தான் அடங்கியிருக்கிறது. ஆறைப் பார்த்து ஐந்து, ஐந்தைப் பார்த்து நாலு என்று இறங்கினால், ஒரு ஓசிக்காரர்கூட இல்லாத கூட்டத்திலும் பானை மெல்ல மெல்லக் காலியாகும். ஓசிக்காரர்கள் இருந்தால் அது வேகமாக நடக்கும். ஊரில் ஒரு பொதுக்காரியம் படுத்துவிட்டால் யாரோ ஒரு துரோகியைத் தேடுவது நம் வழக்கம். பல நேரம் துரோகியே இருக்க மாட்டான்.

எல்லோரும் ஓசிக்காரர்கள் என்று எடுத்துக்கொண்டால் கிடைக்கும் முடிவை அமெரிக்க உயிரியலாளர் காரெட் ஹார்டின் 1968இல் ஒரு கட்டுரையாக எழுதினார். மேய்க்கால் புறம்போக்கில் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் புல்லும் இருக்காது, மாடும் இருக்காது. ஆகவே பொதுச்சொத்து என்றால் ஒன்று அரசாங்கம் எடுக்க வேண்டும், இல்லை தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். வாதம் பிரமாதம். ஆனால் அவர் வரைந்த மேய்ச்சல் நிலத்தில் மனிதர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே இல்லை. நிர்வாகமில்லாத பொதுச்சொத்து என்று குறிப்பிட்டிருக்க வேண்டும் எனப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார்.

ஏரி எப்படி ஆளைக் கட்டிப்போட்டது

பேசிக்கொள்ளும் மனிதர்களைத் தேடிப் போனவர் அமெரிக்க ஆய்வாளர் எலினோர் ஆஸ்ட்ரம். சுவிஸ் மலை மேய்ச்சல் நிலம், ஜப்பானியக் காடு, ஸ்பெயின், பிலிப்பைன்ஸ் வாய்க்கால் என்று நூற்றாண்டுக் கணக்கில் சாகாமல் கிடந்த பொதுச்சொத்துகளை ஒப்பிட்டு, அவற்றுக்குள் ஒரேமாதிரி விதிகள் ஓடுவதைக் காட்டினார். 2009இல் பொருளாதார நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். அவர் சொன்னதை நம் ஏரியில் வைத்துப் பார்க்கலாம்.

ஏரி என்றால் வெறும் குழி இல்லை. மேலே வரத்துக்கால்வாய், சுற்றிக் கரை, கரையில் மதகுகள், மிஞ்சியது வழிய கலங்கல், கீழே அந்தத் தண்ணீர் பாயும் ஆயக்கட்டுக் கழனிகள். மதகை ஒட்டியிருப்பது தலைமடை, கோடியில் இருப்பது கடைமடை. வரத்துக்கால்வாயில் முள்ளும் மண்ணும் அடைத்துக்கொண்டால் அடுத்த மழைக்கு ஏரி நிரம்பாது. அதை வெட்டுவதுதான் புளியங்கொட்டை: வேலை ஒருவனுக்கு, தண்ணீர் எல்லோருக்கும்.

முதல் ஏற்பாடு, யார் உள்ளே யார் வெளியே என்பது தெளிவு. ஆயக்கட்டில் கழனி இருந்தால் தண்ணீர் உண்டு, மராமத்துக்கு ஆளும் அனுப்ப வேண்டும். நிலம் எவ்வளவோ அந்த அளவுக்கு ஆள். அரைக் காணிக்காரனும் ஐந்து காணிக்காரனும் ஒரே அளவு உழைக்க வேண்டும் என்றால் முதல் வருஷமே ஏற்பாடு முறிந்துவிடும்.

இரண்டாவது, வேலை எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி நடந்தது. ஒரே நாளில், ஒரே கால்வாயில், எல்லோரும் இறங்கி வெட்டுகிறார்கள். எந்த வீட்டு ஆள் வரவில்லை என்பது வெயில் ஏறுவதற்குள் தெரிந்துவிடும். ஆட்டத்தில் கையை மூடிப் போட்டோமே, அந்த மறைப்பு இங்கே இல்லை. பார்த்து நடப்பவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, மற்றவரும் செய்கிறார்கள் என்ற கண்கூடு. அது கிடைத்துவிட்டால் அவர் நல்லவரா கெட்டவரா என்ற ஆராய்ச்சி தேவைப்படாது.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு: நீர்கட்டி. ஊருக்கு ஊர் பெயர் மாறும், சில ஊரில் கம்புகட்டி. மதகைத் திறப்பது, அடைப்பது, முறைப்படி எந்தக் கழனிக்கு எப்போது என்று மடை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. நிலத்துக்காரர்கள் தாங்களாக மடையில் கை வைக்கக் கூடாது. அவருக்குக் கூலி மாதச் சம்பளமாக வரவில்லை. அறுப்பு முடிந்து களத்தில் நெல்லாக அளந்தார்கள். கடைமடை காய்ந்தால் அந்தக் களத்திலிருந்து அவருக்கு நெல் வராது. கடைசிக் கழனிவரை தண்ணீர் போவதில் காவல்காரனுக்கே லாபம் இருக்கும்படி கூலியை அமைத்துவிட்டார்கள். அவருக்குக் கூடுதல் நேர்மை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும்.

தப்பு செய்தவனுக்குத் தண்டனை சின்னதாக ஆரம்பிப்பதும் ஆஸ்ட்ரம் பல இடங்களில் கண்ட பொது அம்சம். முதல் தடவை ஒரு சொல், அடுத்து சிறு அபராதம், கேட்கவே கேட்காதவனுக்குத்தான் தண்ணீர் முறை வெட்டு. எடுத்ததுமே பெரிய தண்டனை என்றால் யாரும் அதைப் போடத் துணிய மாட்டார்கள்; போடாத தண்டனை இல்லாத தண்டனை. பிறகு, வழக்கைத் தீர்க்கும் இடம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ராத்திரித் தண்ணீர் திருட்டுக்குக் கோர்ட்டுக்குப் போனால் தீர்ப்பு வரும்போது பயிர் இருக்காது.

பெரிய ஏரி என்றால் சிக்கல் கூடும். காவேரிப்பாக்கம் மாதிரி பல்லவர் காலத்துப் பெரிய ஏரியை நம்பிப் பல ஊர் கழனிகள் இருக்கும்போது, எல்லோருக்கும் எல்லோர் முகமும் தெரியாது. அங்கே மதகுக்கு மதகு தனிக் கூட்டம், அதற்கு மேல் ஒரு பொதுக் கூட்டம் என்று அடுக்கினால்தான் யார் வந்தார், வரவில்லை என்பது கண்ணுக்கு எட்டும்.

நம் பக்கத்து உத்திரமேரூரில் பத்தாம் நூற்றாண்டு, முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு 6 பேர் என்று இருக்கிறது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்க முடியாது. அவன் மட்டுமா, அவனுடைய அத்தை மகன், மாமன் மகன்வரைக்கும் தடை. அந்தக் கால ஜனங்கள் உத்தமர்கள் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த வரியை ஒருமுறை படிக்க வேண்டும். உத்தமர்களுக்கு எதற்கு மாமன் மகன் விதி?

பழைய ஏற்பாட்டில் மூடி மறைத்தது

இதையெல்லாம் பொற்காலமாக வர்ணிப்பது தப்பு. மடை மாற்றி ராப்பகல் சேற்றில் நின்றவர்கள் பல ஊர்களில் நிலமில்லாத தலித் குடும்பங்கள். தண்ணீர் முறையைத் தீர்மானித்த கூட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை. உத்திரமேரூர் வாரியத்துக்கும் நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்தான் நிற்க முடியும். 1858இல் ஆங்கிலேயர் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, ஏரிக்கரை உடைப்பை அடைக்க ஆளைப் பிடிக்க வழி செய்தார்கள். வழக்கம் தானாகவே ஓடிக்கொண்டிருந்தால் சட்டத்துக்கு வேலை இருந்திருக்காது.

அநியாயத்துக்கு மனிதன் எப்படிப் பதில் சொல்வான் என்பதற்கும் ஒரு ஆட்டம் இருக்கிறது. 100 ரூபாயை ஒருவரிடம் கொடுத்து, முன்பின் தெரியாத இன்னொருவருக்கு ஒரு பங்கு தரச் சொல்வார்கள். அவர் ஏற்றுக்கொண்டால் இருவருக்கும் பணம், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. கணக்குப்படி 5 ரூபாய் வந்தாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் 20 ரூபாய்க்குக் கீழே போனால் பல பேர் "நீயே வெச்சிக்கோ" என்று முறித்துவிடுகிறார்கள், தங்களுக்கும் நஷ்டம் என்று தெரிந்தே. கடைமடைக்காரன் கால்வாய் வெட்ட வராமல் போவதற்கும் இதுதான் பல நேரம் காரணம். வந்தால் கொஞ்சம் தண்ணீராவது கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியும். தலைமடைக்காரனுக்காக முதுகு வளைக்க மனசு வரவில்லை. அவனைச் சோம்பேறி என்று எழுதி வைக்காதீர்கள், முறையை மாற்றுங்கள். ஒரு போகம் தலைமடையிலிருந்து, அடுத்த போகம் கடைமடையிலிருந்து என்று சுழற்றினாலே பாதிக் கோபம் அடங்கும்.

கிணறு வந்ததும் நடந்தது

மோட்டார் வந்தது, பிறகு போர்வெல் வந்தது. தலைமடையில் வசதியுள்ள நாலு பேர் போர்வெல் போட்டார்கள். ஏரி நிரம்பினாலும் நிரம்பாவிட்டாலும் அவர்களுக்கு நவரைப் போக நெல் விளையும். மராமத்து நாளன்று அவர்கள் ஆள் அனுப்பவில்லை. அவர்களைப் பார்த்து அடுத்த வரப்புக்காரர் வரவில்லை. ஆறைப் பார்த்து ஐந்து, ஐந்தைப் பார்த்து நாலு. வடஆற்காட்டில் பல ஏரிகளின் கதை இவ்வளவுதான். ஒரு தலைமுறைக்குள் ஜனங்களின் குணம் கெட்டுப்போய்விடவில்லை. ஏரி கெட்டால் எல்லோருக்கும் கெடும் என்ற நிலை போய்விட்டது, அவ்வளவே. நிலத்தடி நீரும் பொதுச்சொத்துதான் என்றாலும், எவன் எவ்வளவு உறிஞ்சினான் என்பது மண்ணுக்கடியில் யாருக்குத் தெரியும்?

பாலாற்றில் இது இன்னும் பெரிய அளவில் நடந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைகளின் கழிவு ஆற்றிலும் நிலத்திலும் இறங்கியது. சுத்திகரிப்புக்குச் செலவு செய்பவனின் தோல் விலை கூடும். பக்கத்துக்காரன் செய்யாதபோது தான் மட்டும் செய்தால் தொழில் படுத்துவிடும் என்பது ஒவ்வொருவரின் வாதம். கெட்டதோ கீழே இருந்த கிணறும் கழனியும். 1991இல் வழக்கு உச்சநீதிமன்றம் போய், 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது: மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும், ஒவ்வொரு தோல் தொழிற்சாலைக்கும் 10,000 ரூபாய் அபராதம். ஊர்ப் பஞ்சாயத்தால் இதைத் தீர்த்திருக்க முடியாது. கெடுப்பவனும் கெடுதலை அனுபவிப்பவனும் ஒரே ஆயக்கட்டில் இல்லாதபோது, வெளியிலிருந்து ஒரு கை வேண்டும்.

தண்டனை போடுமுன் யோசிக்க

கொட்டை ஆட்டத்தில் ஒரு மாற்றம் செய்து பாருங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் யார் எவ்வளவு போட்டார் என்பதைக் காட்டிவிட்டு, விரும்பியவர் தன் ஒரு கொட்டையைச் செலவழித்து இன்னொருவரின் மூன்றைப் பறிக்கலாம் என்று வையுங்கள். ஃபேர், கெக்டர் இருவரும் 2002இல் இப்படி ஆடவைத்தபோது, தங்களுக்கு நஷ்டம் என்றாலும் மக்கள் ஓசிக்காரரைத் தண்டித்தார்கள். பானை இறங்குவதற்குப் பதில் ஏறியது. ஆனால் 2008இல் 16 நகரங்களில் ஒப்பிட்டபோது, சில ஊர்களில் அதிகம் போட்டவரையே தண்டித்ததும் தெரிந்தது. "பெரிய மனுஷன் மாதிரி காட்டிக்கிறான்" என்ற எரிச்சல் நமக்கும் அந்நியமில்லை.

இஸ்ரேலின் ஹைஃபாவில் குழந்தைகள் காப்பகங்களில், பிள்ளையை அழைத்துப்போகத் தாமதமாக வரும் பெற்றோருக்கு 10 ஷெக்கேல் அபராதம் போட்டார்கள். தாமதம் கூடியது. முன்பு டீச்சருக்குத் தொந்தரவு என்ற கூச்சம் இருந்தது. இப்போது காசு கொடுத்தாயிற்றே. அபராதத்தை நீக்கிய பிறகும் பழைய கூச்சம் திரும்பவில்லை. ஆக, அபராதம் விலைப்பட்டியல் மாதிரி தோன்றக் கூடாது. தொகை சின்னதாக, ஆனால் நாலு பேர் முன்னால் கட்டும்படி இருந்தால் வேலை செய்யும்.

உங்கள் தெருவில்

தெருவுக்குப் பொது மோட்டாரோ, குடியிருப்பின் பராமரிப்புப் பணமோ, கோயில் வரியோ, அளவுகோல் ஒன்றேதான். வசூலை நிச்சயம் கொடுப்பவர் வீட்டில் தொடங்குங்கள். நோட்டின் முதல் பக்கத்தைப் பார்த்துத்தான் அடுத்தவர் பையில் கை விடுவார். போர்டில் "இன்னும் 18 வீடு தரவில்லை" என்று கோபமாக எழுதுவது பெரிய தவறு. அதைப் படிப்பவருக்குப் போய்ச் சேரும் சேதி, தராமல் இருப்பதுதான் ஊர் வழக்கம் என்பது. கொடுத்த வீடுகளின் பெயரை எழுதுங்கள். செலவுக் கணக்கையும் அதே போர்டில் ஒட்டுங்கள். மோட்டாருக்குக் காயில் கட்டின கூலிவரை. கூட்டம் 15, 20 வீட்டுக்கு மேல் போனால் பிரித்துவிடுங்கள்.

கடைசிச் சுற்று என்று தெரிந்துவிட்டால் மனிதன் மாறுவான் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏலச்சீட்டை இரண்டாம் மாதமே எடுத்தவரிடம் ஜாமீன் கேட்பது இதற்காகத்தான். நிலத்தை மனைப்பிரிவுக்குப் பேசி முன்பணம் வாங்கிவிட்டவர் அந்த வருஷம் கால்வாய் வெட்ட வரமாட்டார். அவருக்கு அடுத்த மழை இல்லை. இதையும் புளியங்கொட்டையில் பார்க்கலாம். பத்துச் சுற்று என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் ஒரு பகடையை உருட்டுங்கள். 1 விழுந்தால் ஆட்டம் முடிந்தது, வேறு எது விழுந்தாலும் இன்னொரு சுற்று. எட்டாவது, ஒன்பதாவது சுற்றுக்கு ஆட்டம் போனால், அங்கே பானையில் விழுந்ததை முந்தைய ஆட்டத்தின் அதே சுற்றுகளோடு வைத்து நோட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள்.